வேலையில் சேருமுன் டெல்லி

குன்னத்தூர், ஊத்துக்குளி, செங்கப்பள்ளி, பெருமாநல்லூர்ப் பக்கத்திலிருந்து பேஷனும் டெக்ஸ்டைலும் ஏற்றுமதி நிர்வாகமும் படிக்கிற பிள்ளைகளுக்கு டெல்லிப் பக்கம் இன்டர்ன்ஷிப் கிடைப்பது இன்று அதிசயமில்லை. குருகிராமில் பையிங் ஆபீஸ், நொய்டாவிலும் ஓக்லாவிலும் எக்ஸ்போர்ட் கம்பெனி, தெற்கு டெல்லியில் டிசைன் ஸ்டூடியோ என்று ஆறு வாரமோ இரண்டு மாதமோ போய் வருகிறார்கள். ஆபர் லெட்டர் வந்த அன்று வீட்டில் கேட்பது, "எங்க கண்ணு தங்குவே, சோத்துக்கு என்ன பண்ணுவே?" என்பதுதான். அதற்கெல்லாம் இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் பதில் இருக்கிறது. சேரும் தேதிக்கு முன்னால் டெல்லியில் கிடைக்கிற நாலைந்து நாளை எப்படிச் செலவழிப்பது என்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

முதலில், அந்த நாலைந்து நாள் கைக்கு மிஞ்சும்படி டிக்கெட் எடுங்கள். சேர்ந்த பிறகு சனி, ஞாயிறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. சாம்பிள் அனுப்ப வேண்டிய வாரத்தில் சனிக்கிழமையும் வேலைநாள்தான். ஞாயிறு துணி துவைக்கவும் தூங்கவும் போய்விடும். ஊர் திரும்பும் வாரத்தில் ரிப்போர்ட் எழுத வேண்டும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாட்களைப் போல மனம் விட்டிருக்கும் நாட்கள் அந்த இரண்டு மாதத்தில் வேறு கிடைக்காது.

அடுத்தது, எல்லாரும் பார்க்கும் பட்டியலை வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். டெல்லியில் பார்க்கத் தக்க இடங்களை முடிக்க ஒரு வருடம் போதாது. நீங்கள் துணிக்காரர்கள். சிங்கிள் ஜெர்சியைத் தொட்டவுடன் ஜி.எஸ்.எம். சொல்லும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தக் கையோடும் கண்ணோடும் தலைநகரைப் பாருங்கள். கதர்க் காலத்திலிருந்து கோட்டா காலம் வரை, அங்கிருந்து இன்றைய வரிச் சண்டை வரை, திருப்பூருக்கும் டெல்லிக்கும் நடுவில் ஒரு நூல் அறுபடாமல் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் நாலு நாளில் பார்ப்பதும் போதும், பார்த்தது வேலைக்கும் உதவும்.

கிளம்புமுன்

திருவனந்தபுரத்திலிருந்து புது டெல்லி போகும் கேரளா எக்ஸ்பிரஸ் தினமும் திருப்பூரில் நிற்கிறது. சுமார் 2,500 கிலோமீட்டர், இரண்டு இரவுப் பயணம். கோவையிலிருந்து ஹஸ்ரத் நிஜாமுதீன் போகும் கொங்கு எக்ஸ்பிரஸ் வாரம் ஒரு முறைதான். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். ஆபர் லெட்டர் தாமதமாக வரும் என்று தெரிந்தால் உத்தேசத் தேதிக்கு முன்பதிவு செய்துவைத்து, பிறகு மாற்றிக்கொள்வது நல்லது. மே, ஜூனில் போகிறவர்கள் சிலீப்பரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். நாக்பூருக்கும் ஜான்சிக்கும் இடையில் அனல் காற்று உடம்பைப் பிழிந்துவிடும். மூன்றாம் வகுப்பு ஏசிக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

கோவையிலிருந்து விமானம் இருக்கிறது. இருந்தாலும் போகும்போதாவது ரயிலில் போங்கள் என்பேன். நம் மில்களுக்கு வரும் பஞ்சில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், தெலங்கானா, குஜராத் மண்ணில் விளைவது. ரயில் கம்மம், வாரங்கல், பல்லார்ஷா, நாக்பூர் என்று அந்தப் பருத்திக் காடுகளுக்குள் புகுந்துதான் வடக்கே ஏறுகிறது. அக்டோபர் தொடங்கி ஜனவரி வரையிலான பயணமென்றால் செடியில் பஞ்சு வெடித்து நிற்பதைக் காணலாம். நாக்பூருக்கு முன்னால் இந்தப் பாதையில் சேவாகிராம் என்றொரு ஸ்டேஷன் வரும். 1936 முதல் காந்தி வாழ்ந்த ஆசிரமம் அந்த ஊரில்தான் இருக்கிறது.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: அசல் ஆதார், கல்லூரி போனஃபைடு சான்று, ஆபர் லெட்டர், கல்லூரியின் அனுமதிக் கடிதம், அரை டஜன் பாஸ்போர்ட் அளவு போட்டோ. தங்கும் விடுதியில் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதற்கும் நகல்கள் வேண்டும். எல்லாவற்றையும் போனிலும் படம் பிடித்து வையுங்கள்.

இன்னொரு தயாரிப்பு உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. நம் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்து ஓவர்லாக்கிலும் செக்கிங்கிலும் வேலை செய்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நீங்கள் போகப்போகும் தூரத்தை எதிர்த் திசையில் கடந்து வந்தவர்கள் அவர்கள். பலர் டெல்லி, நொய்டா, லூதியானா கம்பெனிகளில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்கள். கிளம்பும் முன் அப்படி ஒருவரிடம் ஒரு மாலை உட்கார்ந்து பேசுங்கள். ஒன்றிலிருந்து நூறு வரை இந்தியில் எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். "கித்னா?" (எவ்வளவு?), "மீட்டர் சே சலியே" (மீட்டர் போட்டு வாங்க), "நஹி சாஹியே" (வேண்டாம்), "சீதா" (நேரே), "பாயே" (இடது), "தாயே" (வலது) ஆகிய அரை டஜன் சொற்களோடு டெல்லியில் முதல் வாரம் ஓடிவிடும். பாஷை தெரியாத ஊரில் முதல் மாதம் எப்படி இருந்தது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை வேறெந்த வழிகாட்டியிலும் படிக்க முடியாது.

உடுப்பு விஷயம் சுருக்கம். ஏப்ரல் முதல் ஜூன் வரை வெயில் 40 டிகிரிக்கு மேல் போகும். வெளிர் நிறக் காட்டன், தொப்பி, தண்ணீர்ப் பாட்டில். ஜூலை, ஆகஸ்டில் மழையும் புழுக்கமும். டிசம்பர், ஜனவரி குளிர் நம்மூர் மார்கழியை வைத்துக் கணக்கிடக் கூடியதல்ல. ஆனால் ஊரிலேயே ஜாக்கெட் தேடி அலையாதீர்கள். லூதியானாவின் பின்னலாடைகள் டெல்லிக் கடைத்தெருக்களில் குவிந்து கிடக்கும். நம்மூர் காட்டன் பின்னலுக்கு எப்படியோ, லூதியானா கம்பளிப் பின்னலுக்கு அப்படி. நீங்கள் வாங்கும் ஸ்வெட்டரையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம். நவம்பரிலிருந்து காற்று மாசு கடுமையாகும் என்பதால் நல்ல முகக்கவசமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கிய நாள்

இறங்கிய அன்று எதையும் பார்க்கப் போகாதீர்கள். புது டெல்லி ஸ்டேஷனில் இறங்கினால் அஜ்மீரி கேட் பக்கம் வெளியே வாருங்கள். மெட்ரோ அங்கேதான். நிஜாமுதீனில் இறங்கினால் பக்கத்திலேயே இளஞ்சிவப்பு வழி மெட்ரோ. வாசலில் தானாக வந்து, "உங்க ஹோட்டல் மூடியிருக்கு, அங்கே கலவரம், டூரிஸ்ட் ஆபீசுக்கு வாங்க" என்று பேசுகிறவர்களிடம் நின்று பதில் சொல்ல வேண்டியதில்லை. நடந்துகொண்டே இருங்கள்.

மெட்ரோவில் ஸ்மார்ட் கார்டு வாங்கிவிடுங்கள். கட்டணத்தில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பையை ஸ்கேன் செய்வார்கள். பெண்களுக்கு முதல் பெட்டி தனி. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய இந்த மெட்ரோவில் மஞ்சள் வழி ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டால் இந்த அத்தியாயத்தில் வரும் இடங்களில் பாதிக்கு மேல் போய்விடலாம். வடக்கே சாந்தினி சௌக், அடுத்து புது டெல்லி ரயில் நிலையம், கன்னாட் பிளேஸுக்கு ராஜீவ் சௌக், நாடாளுமன்றப் பக்கத்துக்குச் சென்ட்ரல் செக்ரடேரியட், டில்லி ஹாட்டுக்கு ஐ.என்.ஏ., பிறகு ஹௌஸ் காஸ், குதுப் மினார், கடைசியில் குருகிராம். நொய்டா போகிறவர்கள் ராஜீவ் சௌக்கில் நீல வழிக்கு மாற வேண்டும். காலை ஒன்பது மணிக்கு அந்த ஸ்டேஷனில் நிற்கும் கூட்டத்தை முதல் நாளே பார்த்து மிரள வேண்டாம்.

மாலையில் களைப்பு தீர்ந்தால் கன்னாட் பிளேஸ் வட்டத்தை ஒரு சுற்று நடந்து வாருங்கள். நடுவிலுள்ள பூங்காவில் 207 அடிக் கம்பத்தில் மிகப் பெரிய தேசியக் கொடி பறக்கும். பக்கத்தில் பாலிகா பூங்காவில் 2017-ல் திறந்த ராட்டை அருங்காட்சியகமும், அதன் மேலே எஃகில் செய்த பெரிய ராட்டையும் இருக்கின்றன. இரண்டையும் ஞாபகத்தில் வையுங்கள்.

திங்கட்கிழமைக் கணக்கு

டெல்லி பார்க்கிறவர்கள் அதிகம் ஏமாறுவது திங்கட்கிழமையில். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், கைவினை அருங்காட்சியகம், காந்தி தொடர்பான இரண்டு அருங்காட்சியகங்கள், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாம் அன்று விடுமுறை. சரோஜினி நகர் கடைத்தெருவும் காந்தி நகர் ஜவுளிச் சந்தையும் அன்றுதான் மூடியிருக்கும். குதுப் மினாரும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும் என்பதால் உங்கள் நாட்களில் திங்கள் குறுக்கிட்டால் அவற்றை அன்றைக்கு ஒதுக்குங்கள். சாந்தினி சௌக் கடைகளுக்கு ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை ஆக்ராவுக்குப் போனால் தாஜ்மகால் கதவுதான் பார்க்கக் கிடைக்கும்.

கதர் போன வழி

இதற்கு ஒரு முழு நாள் கொடுங்கள். நாலு நாளில் ஒரு நாள்தான் ஊர் பார்க்க முடியும் என்றாலும் இந்த நாளையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

காலையில் தீஸ் ஜனவரி மார்கிலுள்ள காந்தி ஸ்மிருதிக்குப் போங்கள். அந்நாளைய பிர்லா மாளிகை. காந்தி தம் வாழ்வின் கடைசி 144 நாட்களைக் கழித்த வீடு இது. 1948 ஜனவரி 30 மாலை பிரார்த்தனைக்கு அவர் நடந்த பாதையில் அடிச்சுவடுகளைப் பதித்து வைத்திருக்கிறார்கள். அவர் விழுந்த இடத்தில் ஒரு தூண். கட்டணம் கிடையாது. கூட்டமும் பெரும்பாலும் இருக்காது. அவர் இருந்த அறையில் உள்ள பொருள்களைப் பாருங்கள். அத்தனை சிறிய பட்டியல் அது.

அங்கிருந்து ராஜ்காட். சமாதிக்கு எதிரே தேசிய காந்தி அருங்காட்சியகம் இருக்கிறது. பலர் சமாதியோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் உள்ளே போக வேண்டும். பலவகை ராட்டைகள் வரிசையாக இருக்கின்றன. நூற்புக்காரர் கண்ணுக்கு அவை வெறும் நினைவுச்சின்னமல்ல. கதிர் எப்படிச் சுழல்கிறது, முறுக்கு எங்கே ஏறுகிறது, பெட்டி ராட்டையில் இரண்டு சக்கரங்கள் எதற்கு என்று நின்று பார்த்தால் கல்லூரியில் படித்த நூல் முறுக்குப் பாடம் புதிதாகப் புரியும். சுடப்பட்ட அன்று அவர் உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணியும் இங்கே இருக்கிறது. கையால் நூற்றுக் கையால் நெய்த துணி. அதன் முன் கொஞ்ச நேரம் நிற்காமல் யாரும் நகர முடியாது.

காந்தி மேலாடையைக் கைவிட்டு அரைவேட்டிக்கு மாறியது 1921 செப்டம்பரில், மதுரையில். அடுத்த சில ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் கதருக்கு முதன்மை ஊராகத் திருப்பூர் எழுந்தது. 1925-ல் அவர் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கத்தின் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரில் இருந்தே இயங்கியது. கோவை அய்யாமுத்து அதை நடத்தியவர்களில் முக்கியமானவர். திருப்பூரில் முதல் பின்னல் பட்டறை வந்ததும் அதே 1925 வாக்கில் என்று சொல்வார்கள். கைராட்டையும் பின்னல் எந்திரமும் ஓர் ஊருக்குள் ஏறக்குறைய ஒரே வேளையில் நுழைந்திருக்கின்றன. பின்னல் வென்றது. ஆனால் துணி வாங்கி, தரம் பார்த்து, சுற்றுக் கிராமங்களில் வேலை பிரித்துக் கொடுத்து, கணக்கு முடித்து, தொலைவிலுள்ள சந்தைக்கு அனுப்பும் பழக்கம் கதர்க் காலத்திலேயே இந்தப் பகுதிக்கு வந்துவிட்டது. இன்றைய ஜாப் ஒர்க் முறையின் வேரில் அதுவும் ஒன்று என்பது என் கருத்து.

கன்னாட் பிளேஸில் பார்த்த கொடியை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். சென்னிமலையில் பிறந்த குமரன் 1932 ஜனவரி 10-ல் திருப்பூரில் கொடியோடு போன ஊர்வலத்தில் அடிபட்டு மறுநாள் இறந்தார். அவர் பிடித்திருந்த கொடி கதர். சுதந்திரத்துக்குப் பிறகும் தேசியக் கொடி கையால் நூற்று நெய்த துணியில்தான் இருக்க வேண்டும் என்ற விதி நீண்ட காலம் இருந்தது. 2021 டிசம்பரில் கொடி விதியைத் திருத்தி, எந்திரத்தில் செய்ததையும் பாலியஸ்டரையும் அனுமதித்தார்கள். இதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கட்டும். கதர்க்கொடி நெய்யும் நிலையங்களின் வருமானம் ஒரு பக்கம், எல்லா வீட்டுக்கும் மலிவாகக் கொடி என்பது மறு பக்கம். துணி படிக்கிறவர்கள் பேச வேண்டிய விஷயம் இது. கன்னாட் பிளேஸ் கொடி நெசவா, பின்னலா, எந்த இழை, காற்றில் ஓரம் கிழியாமல் எப்படித் தைத்திருக்கிறார்கள் என்று அண்ணாந்து பார்த்து ஊகியுங்கள். நாள் முடிவில் கன்னாட் பிளேஸிலுள்ள காதி பவனுக்குப் போய் ஒரு மீட்டர் கதரைக் கையில் பிடித்துப் பாருங்கள். நூலின் மேடு பள்ளம் விரலில் தட்டுப்படும்.

அருங்காட்சியகமும் கடைத்தெருவும்

பைரோன் மார்கில், பிரகதி மைதானத்தை ஒட்டி, தேசிய கைவினை அருங்காட்சியகம் இருக்கிறது. சார்லஸ் கொரியா வடிவமைத்த கட்டடம். ஓட்டுக் கூரை, முற்றம், திண்ணை என்று ஒரு கிராமத்துத் தெருவுக்குள் நுழைவது போலவே இருக்கும். ஜவுளிக்கூடம்தான் இதன் உயிர். நாடு முழுவதுமுள்ள நெசவும் அச்சும் தையல் வேலையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், சாயத்தை நூலில் ஏற்றுவதற்கும் துணியில் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கண்ணாலேயே பிரித்தறியலாம். நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். புகைப்படத்தை விட வரைந்தெடுத்த ஒரு மோட்டிப் நெடுநாள் நினைவில் நிற்கும்.

குருகிராமில் சேரப் போகிறவர்கள் வழியில் அர்ஜன் கட் மெட்ரோ பக்கம் ஆனந்த கிராமத்திலுள்ள சன்ஸ்கிருதி அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். அங்கும் ஜவுளிக்குத் தனிக்கூடம் உண்டு. ஜன்பத்திலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் மொகஞ்சதாரோவின் நடனப் பெண்ணையும் சோழர் செப்புத் திருமேனிகளையும் பாருங்கள். நடனப் பெண் 10.5 சென்டிமீட்டர்தான். பெரிதாக எதிர்பார்த்துத் தேடினால் தாண்டிப் போய்விடுவீர்கள். பருத்தித் துணியின் மிகப் பழைய தடயங்களில் ஒன்று அந்த மொகஞ்சதாரோவில்தான் கிடைத்தது, ஒரு வெள்ளிக் கலத்தில் ஒட்டியிருந்த துணுக்காக.

அருங்காட்சியகத்தில் கற்றதைக் கடைத்தெருவில் சோதிக்க வேண்டும். சரோஜினி நகருக்குப் போங்கள். எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் என்ற பெயரில் மலை மலையாகத் துணி கிடக்கும். கல்லூரிப் பெண்கள் பேரம் பேசி அள்ளுவார்கள். நீங்கள் ஒரு டி-சர்ட்டை எடுத்து உள்ளே வெளியே புரட்டுங்கள். பக்கத் தையல் நேராக இறங்குகிறதா, முன்பக்கம் முறுக்கிக்கொண்டு வருகிறதா? சிங்கிள் ஜெர்சியில் நூல் முறுக்கு அடங்காவிட்டால் துவைத்த பிறகு தையல் இப்படித் திரும்பும். தோள்பட்டையில் டேப் இருக்கிறதா? கழுத்து ரிப்பை இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வருகிறதா? பாட்டம் ஹெம்மில் பேட்லாக் தையல் விட்டிருக்கிறதா? பெரும்பாலும் மெயின் லேபிளை வெட்டியிருப்பார்கள். உள்ளே பக்கத் தையலில் இருக்கும் வாஷ்கேர் லேபிளை மறந்திருப்பார்கள். அமெரிக்காவுக்குப் போகும் துணியில் அதில் ஆர்.என். என்று தொடங்கும் ஓர் எண் பல நேரம் இருக்கும். அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் பதிவில் அந்த எண்ணைத் தேடினால் எந்த நிறுவனத்துக்குப் போக வேண்டிய துணி என்பது தெரியும். எதனால் ஒதுக்கினார்கள்? ஷேடு மாறியதா, அளவு பிசகியதா, ஓட்டையா, அல்லது ஆர்டரே ரத்தானதா? சில துண்டுகளில் காரணம் தெரியும். எல்லாமே சர்ப்ளஸும் அல்ல. அப்படித் தோன்றும்படி உள்ளூரில் தைத்தவையும் கலந்திருக்கும். பிரித்தறிய முயன்றாலே போதும். முதல் வாரத்தில் உங்கள் மெர்சண்டைசர் கையில் கொடுக்கப்போகும் சாம்பிளை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

யமுனைக்குக் கிழக்கே காந்தி நகர், ஆசியாவின் மிகப் பெரிய ரெடிமேட் சந்தைகளில் ஒன்று என்று சொல்லப்படுவது. மொத்த வியாபாரம். ஒற்றைத் துண்டு கேட்டால் முகம் கொடுக்க மாட்டார்கள். பார்க்க மட்டும், துணைக்கு ஆளோடு, காலையில் போங்கள். உள்நாட்டுச் சந்தைக்குத் துணி எந்த விலையில், எந்தத் தரத்தில், எத்தனை வேகத்தில் நகர்கிறது என்பது அங்கே அரை மணி நேரம் நின்றால் விளங்கும். ஏற்றுமதியே உலகம் என்று நினைக்கும் நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இது தேவை. சாந்தினி சௌக்கின் கினாரி பஜார் ஜரிகை, பார்டர், மணி, குஞ்சம் வாங்க. ட்ரிம்ஸ் பிரிவில் வேலை கிடைத்தவர்கள் ஸ்வாட்ச் சேகரிக்க இதை விட்டால் வேறு தெரு இல்லை.

பிற்பாடு ஒரு ஞாயிறு கிடைத்தால் சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே பானிபட்டையும் யோசித்துப் பாருங்கள். உலகம் கழித்துப் போடும் துணி அங்கே வந்து கிழிபட்டு, நூலாகி, போர்வையாகிறது. நம் கட்டிங் வேஸ்ட் பல்லடம், வெள்ளகோவில் பக்கத்து ஓ.இ. மில்லுக்குப் போவதை அறிந்தவர்களுக்கு அந்த வேலை சட்டென்று பிடிபடும்.

கோட்டையும் கல்லும்

செங்கோட்டை, குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை பற்றி எல்லா நூல்களிலும் பக்கம் பக்கமாக உண்டு. மூன்றும் யுனெஸ்கோ பட்டியலில் உள்ளவை. நுழைவுக் கட்டணம் நம் நாட்டவர்க்கு நூறு ரூபாய்க்குள்தான். ஆன்லைனில் வாங்கினால் வரிசை மிச்சம். ஒன்றுக்கு மட்டுமே நேரம் என்றால் மாலை வெயிலில் ஹுமாயூன் கல்லறை. மெட்ரோ பக்கம் என்றால் குதுப். ஷாஜகான் 1639-ல் தொடங்கி 1648-ல் முடித்த செங்கோட்டையைச் சாந்தினி சௌக் போகும் அன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியா கேட்டும் அதையொட்டி 2019-ல் திறந்த தேசியப் போர் நினைவிடமும் இரவு விளக்கில் நடக்க நன்றாக இருக்கும்.

நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடத்தில் அமர கூட்டத்தொடர் நடக்கும் நாளில் எம்.பி.யின் பரிந்துரை வேண்டும். குன்னத்தூர் திருப்பூர் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே தொகுதி அலுவலகத்தில் கடிதம் கொடுத்து முயலுங்கள். பழைய வட்டக் கட்டடத்தைப் பார்க்கும்போது, சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26-ல் படித்தவர் கோவைக்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் என்பதைக் கூட வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். துணி வேலைக்கும் தலைநகரின் இந்தப் பக்கத்துக்கும் உள்ள உறவு சின்னதல்ல. 1978-ல் தொடங்கிய ஆயத்த ஆடை ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம்தான் கோட்டா காலத்தில் எந்த நாட்டுக்கு யார் எத்தனை துண்டு அனுப்பலாம் என்று பங்கிட்டுக் கொடுத்தது. 2004 முடிவில் கோட்டா போகும் வரை அதற்காகத் திருப்பூர் முதலாளிகள் டெல்லிக்கு நடையாக நடந்தார்கள். அதன் அலுவலகம் இன்று குருகிராம் 44-வது செக்டாரில். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது நம்மூர் லைன்களில் வேலை குறைந்ததையும், பதிலுக்காக எல்லாரும் டெல்லியைப் பார்த்துக்கொண்டிருந்ததையும் நீங்களே கண்டிருப்பீர்கள்.

கன்னாட் பிளேஸ் அருகே ஜந்தர் மந்தர். ஜெய்சிங் 18-ம் நூற்றாண்டில் கட்டிய வானியல் கருவிகளைப் பார்த்த பிறகு வெளித் தெருவிலும் கொஞ்சம் நில்லுங்கள். நாடெங்கிலுமிருந்து குறை சொல்ல வருகிறவர்கள் உட்காரும் இடம் அது. 2017-ல் தமிழ்நாட்டு விவசாயிகள் மண்டையோடுகளோடு வெயிலில் வாரக்கணக்காக அமர்ந்திருந்ததும் அங்கேதான். தலைநகரம் என்றால் அந்தத் தெருவும் சேர்ந்தது.

சோறும் துணையும்

அரிசிச் சோறு இல்லாமல் தவிக்கிறவர்கள் அசோகா ரோடு பக்கம் ஆந்திர பவன் கேன்டீனுக்கு மதியம் போகலாம். ஆர்.கே. புரத்தில் மலை மந்திர் என்று எல்லாரும் சொல்லும் உத்தர சுவாமிமலை முருகன் கோயிலும் டெல்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. சஷ்டி, கிருத்திகை நாளில் போனால் தமிழ் கேட்கும். அறிமுகங்களும் கிடைக்கும். புதிய ஊரில் அவசரத்துக்கு அழைக்க ஒரு தமிழ்க் குடும்பத்தின் எண் இருப்பது வீட்டாருக்குப் பெரிய நிம்மதி. பங்களா சாகிப் குருத்வாராவில் எந்நேரமும் எல்லாருக்கும் லங்கர் உண்டு. தலையை மூடிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு, தரையில் வரிசையாக அமர்ந்து சாப்பிடுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி நேரம் ரொட்டி தேய்க்கவோ பாத்திரம் கழுவவோ கை கொடுக்கலாம். யாரும் பேர் கேட்க மாட்டார்கள்.

பெண் பிள்ளைகள் இருட்டிய பிறகு ஷேர் ஆட்டோவைத் தவிர்த்து, மெட்ரோவையோ செயலியில் பதிவு செய்த வண்டியையோ எடுங்கள். வண்டி போகும் இடத்தை விடுதித் தோழிக்குப் பகிருங்கள். விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள். அவசர எண் 112, பெண்கள் உதவிக்கு 181.

ஆபீசுக்கு ஒரு ஒத்திகை

சேரும் நாளுக்கு முந்தைய வேலைநாளை ஊர் பார்க்க ஒதுக்காதீர்கள். அன்று காலை, ஆபீஸ் நேரத்திலேயே, விடுதியிலிருந்து வேலையிடம் வரை போய்ப் பாருங்கள். ஞாயிறன்று நாற்பது நிமிடம் ஆகும் வழி திங்களன்று எத்தனை ஆகும் என்று கூகுள் மேப் சொல்வதை மட்டும் நம்ப முடியாது. மெட்ரோவின் எந்த வாசலில் ஏறினால் வரிசை குறைவு, எந்த ஸ்டேஷனில் வழி மாற எவ்வளவு நடக்க வேண்டும், இறங்கிய இடத்திலிருந்து இ-ரிக்ஷா எவ்வளவு கேட்கிறான் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓக்லாவுக்கு ஊதா வழியும் மெஜந்தா வழியும் இரண்டுமே உண்டு. உங்கள் கம்பெனி எந்தப் பேஸில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். குருகிராமில் மெட்ரோவை விட்டு இறங்கிய பிறகுதான் பாதித் தூரம் பாக்கி இருக்கும்.

கம்பெனி வாசல் வரை போய், எத்தனையாவது கேட், செக்யூரிட்டி என்ன கேட்கிறார், லேப்டாப்பை உள்ளே கொண்டு போக எழுதிக் கொடுக்க வேண்டுமா என்று விசாரியுங்கள். பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எது இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். பகலில் துணி இஸ்திரி போட்டு, காகிதங்களை ஒரே பையில் அடுக்கி, சரோஜினியிலும் கினாரி பஜாரிலும் சேர்த்த துண்டுகளை நோட்டில் ஒட்டி, ஒவ்வொன்றின் அருகிலும் எங்கே கிடைத்தது, என்ன கவனித்தேன் என்று இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் மேலாளர் முதல் வாரம் கேட்கும் கேள்விகளில் ஏதாவது ஒன்றுக்கு அந்த நோட்டில் பதில் இருக்கும். வீட்டுக்குப் போன் செய்து, கம்பெனியின் முழு விலாசத்தையும் விடுதிக்காரரின் எண்ணையும் அம்மாவை எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுங்கள்.